தாமே அச்சிட்ட கவிஞரும் நால்வர் பாயிரமும்

தம் கவிதைகளைத் தம் கைப்பொருளால் அச்சிட்டு வெளியிடும் ஒருவரை இரண்டு ஐயங்கள் விடாது தொடரும். எழுதியதைப் பிறர் ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டுமா, திருத்தினால் அது தம் கவிதையாகவே இருக்குமா என்பது முதல் ஐயம். தம் நூலின் சிறப்பைத் தாமே எடுத்துரைப்பது தகுமா, தகாது எனின் தமக்காகப் பேசுவார் யார் என்பது இரண்டாவது ஐயம். மேலைநாடுகளில் முதல் ஐயத்திற்கு விடையாகப் பதிப்பகத்தின் செம்மையாக்குநரும், இரண்டாவதற்கு விடையாக இலக்கிய முகவரும் தோன்றினர். தமிழில் கவிதை நூலைப் பொறுத்தவரை இவ்விருவரும் இன்றும் அரியர். முதல் தொகுதியைக் கடன் பட்டு அச்சிட்டு, விற்காத படிகளைக் கட்டுக்கட்டாகப் பரணில் ஏற்றி வைத்திருக்கும் கவிஞர் ஒருவரையேனும் அறியாத இலக்கிய வட்டம் தமிழ்நாட்டில் இராது.

இவ்விரு ஐயங்களும் ஒரு பெருங்கவிஞர் வாழ்வில் எவ்வாறு எழுந்தன, அவற்றிற்கு அவர் கண்ட விடைகள் யாவை, அவ்விடைகளால் அவர் பெற்றதும் இழந்ததும் என்ன என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்கவிஞர் அமெரிக்க நாட்டு வால்ட் விட்மன் (1819-1892). அவருடைய யாப்பற்ற கவிதையைப் பாரதியார் அறிந்து போற்றியவர். தமிழில் வசன கவிதை தோன்றிய வரலாற்றில் விட்மன் பெயர் தவிர்க்க இயலாதது. ஆதலின் அவர் வரலாறு தமிழ்க் கவிஞர்க்கு அயலார் கதை அன்று.

பாயிரம் என்னும் பழைய ஏற்பாடு

நூலைச் செம்மை செய்தலும் நூலுக்காகப் பரிந்து பேசுதலும் அச்சுப்பொறியோடு பிறந்த சிக்கல்கள் அல்ல. ஓலைச்சுவடிக் காலத்திலேயே தமிழர் இவ்விரண்டிற்கும் வழி வகுத்திருந்தனர். முன்னதற்கு அரங்கேற்றம், பின்னதற்குச் சிறப்புப்பாயிரம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்றும், அதற்குப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியருடன் பயின்ற ஒருசாலை மாணாக்கர் என்றும் மரபு கூறும். நூலாசிரியர் அவையிலே அமர்ந்து வினாக்களுக்கு விடை கூறுவார். அவர் பெருமையை மற்றொருவர் பாடுவார். இரண்டு பணிகளையும் இருவேறு இடத்தில் வைத்தது அம்மரபின் நுட்பம்.

பவணந்தி முனிவர் நன்னூலில் இதனை இலக்கணமாகவே வகுத்துள்ளார். எத்துணை அரிய நூலைச் செய்தவராயினும் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்பது அவர் விதி. ஆதலின் பாயிரம் உரைத்தற்கு உரியோர் நால்வர் எனக் காட்டுகிறார்: நூலாசிரியரின் ஆசிரியர், அவருடன் கற்றவர், அவர்தம் மாணாக்கர், தகுதி வாய்ந்த உரைகாரர். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை உணராதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிரி தம்மைப் பழித்த காலத்தும் புலவர் தம்மைப் புகழ்ந்து கொள்ளலாம் என விலக்கும் தருகிறார். அமெரிக்காவில் அச்சிடப்பட்ட ஒரு நூலை இவ்விதிகளைக் கொண்டு நோக்குவது முதலில் வியப்பாகத் தோன்றலாம். ஆயின் விட்மன் வரலாறு முழுவதும் தமக்குரிய நால்வரைத் தேடிய வரலாறே எனில் மிகையாகாது.

புரூக்ளின் அச்சுக்கூடம்

விட்மன் தம் பன்னிரண்டாம் வயதளவில் அச்சுக்கூடத்தில் வேலை பழகத் தொடங்கியவர். எழுத்தச்சுகளைக் கோத்தும், பள்ளியில் ஆசிரியராக இருந்தும், இதழ்களுக்கு எழுதியும் பிழைத்தார். 1846 முதல் 1848 வரை ‘புரூக்ளின் டெய்லி ஈகிள்’ நாளிதழின் ஆசிரியராக விளங்கினார். கவிதையாலன்றி இதழியலாலேயே அவர் அறியப்பட்டிருந்தார்.

1855 ஜூலைத் தொடக்கத்தில் ‘புல்லின் இதழ்கள்’ வெளிவந்தது. புரூக்ளினில் ரோம் உடன்பிறந்தார் நடத்திய சிறிய அச்சுக்கூடத்தில் அது அச்சாயிற்று. சில பக்கங்களுக்கு விட்மனே எழுத்துக் கோத்தார். 95 பக்கம், 12 கவிதைகள், உரைநடையில் ஒரு நீண்ட முன்னுரை. கவிதைகளுக்குத் தலைப்பு இல்லை. அச்சிடப்பட்டவை 795 படிகள். விலை முதலில் 2 டாலர். பின்னர் 1 டாலராகக் குறைக்கப்பட்டது. விற்பனையை நியூயார்க் நகரில் மண்டையோட்டு அமைப்பைக் கொண்டு குணம் கூறும் நூல்களை வெளியிட்டு வந்த ஃபவுலர் - வெல்ஸ் நிறுவனம் ஏற்றது. கவிதை நூலுக்குப் பொருத்தமான கடை அன்று. கிடைத்த கடை அதுவே.

பாயிரத்தில் முதற்கண் கூறத்தக்கது ஆக்கியோன் பெயர் என்பர் நம் இலக்கணிகள். விட்மன் நூலின் முகப்பில் ஆக்கியோன் பெயர் இல்லை. தலையில் தொப்பி, திறந்த கழுத்து, இடுப்பில் ஒரு கை என நிற்கும் உழைப்பாளி ஒருவரின் உருவப்படமே பெயருக்கு ஈடாக அமைந்தது. பெயரை அறிய விரும்புவோர் உரிமைக் குறிப்பையோ முதற்கவிதையின் நடுப்பகுதியையோ தேட வேண்டும்.

அச்சுத் தொழில் அறிந்தவர் தம் நூலைத் தாமே அச்சிடும்போது பெறும் உரிமை பெரிது. நீண்ட அடிகள் உடையாமல் இருக்க அகன்ற தாளைத் தேர்ந்தார். அடிகளின் நடுவே புள்ளிகளை வரிசையாக இட்டு மூச்சின் நிறுத்தங்களைக் காட்டினார். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தித் திருத்தங்கள் செய்யப்பட்டமையால் ஒரே பதிப்பின் படிகளுக்குள்ளேயே வேறுபாடுகள் உள்ளன. பதிப்பகம் ஒன்று இடையிருந்திருப்பின் அந்த அகன்ற தாளும், தலைப்பில்லாத கவிதைகளும், பெயரில்லா முகப்பும் அச்சேறியிருக்குமா என்பது ஐயமே. செம்மையாக்குநர் இல்லாமையால் விட்மன் அடைந்த ஆதாயம் இது. எவரும் கேள்வி கேட்காத இடத்தில்தான் புதுமை பிறக்கும் எனத் துணிவது தவறு. எனினும் இந்நூல் அத்தகைய இடத்தில் பிறந்தது என்பதை மறுத்தல் இயலாது.

பெயரில்லாப் புகழுரை

நூல் வெளிவந்தபின் எழும் அமைதியைத் தாமே அச்சிட்ட கவிஞர் நன்கு அறிவர். அவ்வமைதியை விட்மனால் தாங்க இயலவில்லை. 1855ஆம் ஆண்டிலேயே தம் நூலுக்குத் தாமே மூன்று மதிப்புரைகள் எழுதிப் பெயரிடாமல் வெவ்வேறு இதழ்களில் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, அந்நூலை விற்ற நிறுவனத்தின் இதழிலேயே வெளிவந்தது. அமெரிக்காவிற்குத் தன் கவிஞர் கிடைத்துவிட்டார் என்பது அவற்றின் சாரம்.

நன்னூல் விதியால் இச்செயலை எடைபோடலாம். தம் ஆற்றலை உணராதார் நடுவில் புலவர் தம்மைப் புகழ்தல் தகும் என்பது விலக்கு. புரூக்ளினில் விட்மனின் ஆற்றலை உணர்ந்தார் அன்று எவரும் இலர். ஆகவே புகழ்ந்தது குற்றமன்று. ஆனால் பவணந்தியார் தந்த விலக்கு, அவையின் முன் எழுந்து நின்று, இவர் இன்னார் எனப் பிறர் அறியப் புகழ்வதற்கே உரியது. மற்றொருவர் குரலில் மறைந்து நின்று புகழ்வதற்கு அவ்விலக்குப் பொருந்தாது. தற்புகழ்ச்சியில் பெயர் இருப்பின் கேட்போர் அதனை உரிய அளவு கழித்து ஏற்பர். பெயரை மறைத்தால் கழிக்க வேண்டிய அளவு அவர்க்குத் தெரியாமற் போகிறது. விட்மனின் பிழை புகழ்ச்சியில் இல்லை, மறைப்பில் உள்ளது.

ஆசிரியர்

நால்வருள் முதல்வர் ஆசிரியர். விட்மனுக்கு அவ்விடத்தில் அமைந்தவர் ரால்ஃப் வால்டோ எமர்சன். எமர்சனின் சொற்பொழிவுகளையும் கட்டுரைகளையும் கேட்டும் கற்றும் வளர்ந்தவர் விட்மன். உலையில் சூடேறிக் கொண்டிருந்த தம்மைக் கொதிநிலைக்குக் கொண்டு வந்தவர் எமர்சனே என்று அவர் கூறியதாக நண்பர் ஒருவர் பதிவு செய்துள்ளார். தாம் அச்சிட்ட நூலின் படி ஒன்று எமர்சனுக்குச் சென்றது. 1855 ஜூலை 21ஆம் நாள் எமர்சன் விடை எழுதினார். அமெரிக்கா அதுவரை தந்த அறிவுப் படைப்புகளுள் இது தனிச்சிறப்புடையது எனப் பாராட்டி, ஒரு பெரும் இலக்கிய வாழ்வின் தொடக்கத்தில் நிற்கும் கவிஞரை வாழ்த்தினார். முகமறியாத ஒருவர் தாமே அச்சிட்ட நூலுக்கு நாட்டின் தலைசிறந்த சிந்தனையாளர் அளித்த பாயிரம் அது.

ஆயின் அது தனிக்கடிதம். எமர்சனின் இசைவு பெறாமலே 1855 அக்டோபரில் ‘நியூயார்க் டிரிபியூன்’ இதழில் அது அச்சேற விட்மன் இடந்தந்தார். 1856இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பின் முதுகில் எமர்சனின் வாழ்த்துத் தொடரைப் பொன்னெழுத்தில் பொறித்தார். கடிதம் முழுவதையும் நூலின் பின்னிணைப்பில் சேர்த்து, எமர்சனை ஆசான் என விளித்து ஒரு நீண்ட மறுமொழியும் எழுதினார். முதற்பதிப்பின் ஆயிரம் படிகள் எளிதில் விற்றன என அதில் கூறியதும் உண்மையன்று; அச்சிட்டவையே ஆயிரம் இல்லை.

எமர்சன் இதனால் மனம் நொந்தாலும் கவிஞரைக் கைவிடவில்லை. 1860இல் பாஸ்டன் நகரின் தேயர் - எல்ட்ரிட்ஜ் என்னும் இளம் பதிப்பகத்தார் தாமாகவே முன்வந்து மூன்றாம் பதிப்பை வெளியிட இசைந்தனர். அச்சுப் பணிக்காக விட்மன் பாஸ்டனில் தங்கியிருந்தபோது, எமர்சன் அந்நகர்ப் பொதுவெளியின் மர நிழலில் இரண்டு மணி நேரம் அவரோடு மேலும் கீழுமாக நடந்தார். ஆண் பெண் உறவை வெளிப்படையாகப் பாடும் ‘ஆதாமின் மக்கள்’ பகுதியை நீக்கிவிடுமாறு பல காரணங்களை அடுக்கிக் கூறினார். அறங்கூறும் நோக்கில் அன்று. நூல் வாசகரைச் சென்றடைய வேண்டும் என்னும் பரிவினால் கூறினார். விட்மன் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டார். எமர்சன் கூறிய காரணங்களுள் ஒன்றற்கும் தம்மிடம் மறுப்பு இல்லை என்றும், ஆயினும் அவற்றைக் கேட்டபின்னரே தம் வழியில் தாம் செல்ல வேண்டும் என்னும் உறுதி முன்னினும் வலுப்பெற்றது என்றும் இருபது ஆண்டுகளுக்குப் பின் எழுதினார். அன்று இருவரும் ஒன்றாக அமர்ந்து உணவருந்தினர் என்பதையும் மறவாது குறிப்பிட்டார்.

செம்மையாக்கத்தின் வரலாற்றில் இவ்விரண்டு மணி நேரம் நினைக்கத்தக்கது. அறிவுரையை ஏற்பது ஒன்றே அறிவுரையின் பயன் அன்று. தம் கவிதைக்கு எதிராகக் கூறத்தக்கவை அனைத்தையும் தம்மினும் அறிந்த ஒருவர் வாயால் கேட்டு, அவற்றின் வலிமையை ஒப்புக்கொண்டு, அதன்பின் மறுக்கும் கவிஞரின் மறுப்பு வேறு. கேட்பதற்கே அஞ்சி ஒதுங்கும் கவிஞரின் பிடிவாதம் வேறு. முன்னது தெளிவு, பின்னது ஐயத்தின் மறுபக்கம்.

எமர்சன் 1874இல் தொகுத்த ‘பர்னாசஸ்’ என்னும் கவிதைத் திரட்டில் விட்மனின் கவிதை ஒன்றுகூட இடம்பெறவில்லை. பாயிரம் தந்தவர் தொகைநூலில் இடம் தரவில்லை.

உடன் கற்றோரும் உரைகாரரும் மாணாக்கரும்

1865 ஜூனில் வாஷிங்டன் நகரில் உள்துறை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய விட்மனை அத்துறைச் செயலர் ஜேம்ஸ் ஹார்லன் பணிநீக்கம் செய்தார். ‘புல்லின் இதழ்கள்’ ஒழுக்கக் கேடான நூல் என்பதே காரணமாகக் கருதப்பட்டது. நண்பர் வில்லியம் டக்ளஸ் ஓ’கானர் உடனே வேறு அலுவலகத்தில் பணி கிடைக்கச் செய்ததோடு, 1866இல் ‘நல்ல நரைத்த கவிஞர்’ என்னும் சிறுநூலை எழுதி விட்மனின் வாழ்வையும் கவிதையையும் காத்து வாதிட்டார். உடன் கற்றவர் செய்யும் பாயிரம் இது. அன்பு மிகுந்தால் அளவு மறையும் என்பதற்கும் அந்நூல் சான்றாகும். கவிஞர் அதில் முனிவராகவே ஆகிவிடுகிறார்.

உரைகாரரின் இடத்தைப் பெற்றவர் இங்கிலாந்தின் வில்லியம் மைக்கேல் ரோசெட்டி. 1868இல் லண்டனில் விட்மன் கவிதைகளின் தேர்வு ஒன்றை அவர் முன்னுரையோடு பதிப்பித்தார். அவர் வகுத்துக்கொண்ட நெறி குறிப்பிடத்தக்கது: ஒரு கவிதையில் வாசகர் பொறுக்காத அடிகள் இருப்பின் அவ்வடிகளை வெட்டுவதில்லை; கவிதையை முழுவதுமாக விட்டுவிடுவது. ஆதலின் பிற்காலத்தில் ‘என்னைப் பற்றிய பாடல்’ எனப் பெயர் பெற்ற முதன்மைக் கவிதையே அத்தேர்வில் இல்லை. உறுப்புகளை வெட்டி ஊனப்படுத்திய பதிப்புக்குத் தம் பெயரால் இசைவு தர இயலாது என விட்மன் தெளிவாக எழுதியிருந்தார்; எனினும் நூல் வெளிவருவதைத் தடுக்கவில்லை. பிற்காலத்தில் அதற்காக வருந்தவும் செய்தார். ஆனால் அவருக்கு இங்கிலாந்தில் வாசகர் உலகத்தைப் படைத்துத் தந்தது அந்நூலே. 1873இல் பக்கவாதத்தால் தாக்கப்பட்டு, கேம்டன் நகரில் வருவாய் இன்றி இருந்த விட்மன் 1876இல் தாமே இரு தொகுதிகளை அச்சிட்டு அஞ்சல் வழி விற்க முனைந்தபோது, ரோசெட்டி இங்கிலாந்து எழுத்தாளர் பலரிடம் முன்பணம் திரட்டி அனுப்பினார். கவிதையைக் குறைத்துக் காட்டியவரே கவிஞர் பசியாறவும் துணைநின்றார்.

நான்காமவர் ஹொரேஸ் ட்ராபெல் என்னும் இளைஞர். 1888 மார்ச் முதல் முதிய கவிஞரை நாள்தோறும் கண்டு, அவர் பேச்சைக் குறித்து வைத்தார். அக்குறிப்புகளின் முதல் தொகுதி 1906இல் வெளிவந்தது. ஒன்பது தொகுதிகளும் முற்றுப்பெற்ற ஆண்டு 1996. மாணாக்கர் தம் வாழ்நாளுக்குப் பின்னும் ஆசிரியருக்காகப் பேசிக் கொண்டிருந்தார் எனலாம்.

பதிப்பகம் தந்த சோதனை

பெயர் பெற்ற பதிப்பகம் ஒன்று தம் நூலை ஏற்காதா என ஏங்குவோர், விட்மனுக்கு வாய்த்த பதிப்பகங்களின் கதையையும் அறிதல் நலம். 1860இன் பாஸ்டன் பதிப்பகம் 1861இல் நொடித்துப்போயிற்று. அதன் அச்சுத் தகடுகள் கைமாறி, பின்னர் ஒருவர் அவற்றைக் கொண்டு இசைவில்லாப் படிகளை அச்சிட்டு விற்றார். 1881இல் ஜேம்ஸ் ஆஸ்குட் என்னும் புகழ்வாய்ந்த பாஸ்டன் பதிப்பாளர் ‘புல்லின் இதழ்’களை வெளியிட்டார். 1882 மார்ச்சு மாதம் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஆலிவர் ஸ்டீவன்ஸ் அந்நூல் ஆபாசமானது என எச்சரித்தார். சில சொற்களை மாற்றுவதற்கு விட்மன் முதலில் இணங்கினார். கவிதைகள் முழுமையாகவே நீக்கப்பட வேண்டும் எனப் பட்டியல் வந்ததும் மறுத்துவிட்டார். பதிப்பாளர் பின்வாங்கித் தகடுகளைக் கவிஞரிடமே ஒப்படைத்தார்.

எமர்சனின் இரண்டு மணி நேரமும் அரசு வழக்கறிஞரின் பட்டியலும் ஒரே பகுதிகளையே பெரும்பாலும் குறிவைத்தன. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று கவிஞரின் நலம் நாடியவர் முகத்துக்கு நேரே கூறியது. மற்றது அதிகாரம் பதிப்பாளரின் வழியே விடுத்தது. செம்மையாக்கத்துக்கும் தணிக்கைக்கும் உள்ள வேறுபாடு, வெட்டச் சொல்லும் அடிகளில் இல்லை. மறுக்கும் உரிமை கவிஞரிடம் விடப்பட்டுள்ளதா என்பதில் உள்ளது. தடைச் செய்தி பரவியதும் பிலடெல்பியாவில் அதே தகடுகளால் அச்சான பதிப்பு மிக விரைவில் விற்றது. அவ்வருவாயின் துணையோடுதான் 1884இல் விட்மன் கேம்டனில் சொந்தமாக ஒரு சிறு வீடு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 64.

தம்மைத் தாமே திருத்தியவர்

பிறர் கையை மறுத்தவர் திருத்தத்தையே மறுத்தார் என எண்ணுதல் பிழையாகும். 1855இல் 12 கவிதைகளாகத் தொடங்கிய நூல், 1892இல் அவர் மறைவதற்குள் 400 கவிதைகளை நெருங்கியது. முப்பத்தேழு ஆண்டுகள் அவர் அதனைத் திருத்தினார். முதற்பதிப்பின் புள்ளி வரிசைகளை அகற்றினார். தலைப்பில்லாக் கவிதைகளுக்குத் தலைப்பிட்டார். இட்ட தலைப்பை மாற்றினார். முதற்கவிதையை 1867இல் 52 பகுதிகளாகப் பிரித்தார். உரைநடை முன்னுரையின் தொடர்கள் பலவற்றை உருமாற்றிக் கவிதையாக்கினார். இறுதிப் பதிப்பில், இனி அச்சிடுவோர் அப்பாடத்தையே பின்பற்ற வேண்டும் எனவும் கேட்டுக்கொண்டார்.

அவ்வேண்டுகோளைக் காலம் முழுவதும் ஏற்கவில்லை. 1959இல் மால்கம் கௌலி என்னும் திறனாய்வாளர் 1855ஆம் ஆண்டுப் பதிப்பை மீண்டும் அச்சிட்டு, கவிஞரின் தலைசிறந்த பாடம் அதுவே என வாதிட்டார். பிறர் திருத்தாத நூலைக் கவிஞரே திருத்தித் திருத்தி ஆற்றலைக் குறைத்துவிட்டார் என்பது அவ்வாதத்தின் உட்கிடை. எப்பொழுது நிறுத்துவது எனக் கூறவும் ஒருவர் வேண்டும் என்பதே இதனால் பெறப்படுகிறது. செம்மையாக்குநரின் பணி வெட்டுவது மட்டும் அன்று; இனித் தொடாதீர் எனக் கவிஞரின் கையைப் பற்றுவதும் ஆகும்.

முகவர் என்னும் தொழில்

விட்மனுக்கு முகவர் இல்லை. எழுத்தாளர் சார்பில் பதிப்பாளரோடு பேசி, வரும் தொகையில் நூற்றுக்குப் பத்துப் பெறும் தொழில் 1870களில் லண்டனில் ஏ. பி. வாட் என்பவரால் உருப்பெற்றது. அடுத்து வந்தவருள் ஜே. பி. பிங்கர் புகழ்பெற்றவர். ஜோசப் கான்ராடு பணமின்றித் தவித்த ஆண்டுகளில் எழுதி முடியாத நாவல்களை நம்பி அவருக்குக் கடன் கொடுத்து வந்தார். 1910இல் இருவருக்கும் கடும் பிணக்கு நேர்ந்தது. பின்னர் உறவு சீர்பட்டது. முகவர் வாய்த்தால் எழுத்தாளரின் ஐயங்கள் தீர்ந்துவிடும் என்பதற்கு அவ்வரலாறு இடந்தரவில்லை. மேலும் நூற்றுக்குப் பத்து என்னும் கணக்கில் வாழும் தொழில், கவிதை நூலை நம்பி வாழ இயலாது. ஆகவே கவிஞர்க்குப் பேசுவோர் கூலி பெறாத நால்வராகவே இருக்க வேண்டியுள்ளது.

பாரதியாரின் நாற்பது நூல்கள்

விட்மனின் பாடல் வசன நடை போலவே அமைந்தது எனத் தமிழர்க்கு அறிமுகம் செய்த பாரதியாரும் தம் நூல்களைப் பெரும்பாலும் தம் முயற்சியாலும் நண்பர் துணையாலும் வெளியிட்டவரே. 1907இல் அரசியற் கருத்தில் அவருக்கு மாறுபட்ட வி. கிருஷ்ணசாமி ஐயர், அவர் பாடல்கள் சிலவற்றை அச்சிட்டு 15,000 படிகளை இலவசமாக வழங்கச் செய்தார். 1908இல் ‘ஸ்வதேச கீதங்கள்’ வெளிவந்தது. புதுச்சேரியில் வாழ்ந்தபோது 1912இல் ‘பாஞ்சாலி சபதம்’ முதற்பாகம் வெளிவந்தது. எளிய சொல்லாலும் எளிய நடையாலும் காவியம் செய்ய வேண்டும் என்னும் தம் கொள்கையை அதன் முகவுரையில் தாமே கூறினார். தம் பெயரால் கூறினார். 1917இல் ‘கண்ணன் பாட்’டைப் பதிப்பித்தவர் பாரதியார் தம்பியாகவே கொண்ட பரலி சு. நெல்லையப்பர். 1919இல் வந்த அதன் இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை வழங்கியவர் கம்பனில் தோய்ந்த வ.வே.சு. ஐயர். மாணாக்கரும் உரைகாரரும் தத்தம் இடத்தில் நின்று பாயிரம் உரைத்தனர்.

1920இல் கடையத்திலிருந்து பாரதியார் நண்பர்களுக்கு ஒரு திட்டத்தை எழுதினார். தம் கையெழுத்துப் படிகளை 40 நூல்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடுவது; அதற்குத் தேவைப்படும் 20,000 ரூபாயை நண்பர்களிடம் வட்டிக்குக் கடனாகப் பெறுவது; தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல் வீடுதோறும் பரவுமாறு செய்வது. வேண்டிய பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தார். ‘பாஞ்சாலி சபதம்’ முழுமையாக வெளிவந்தது அவர் மறைவுக்குப் பின்னரே.

விட்மனுக்கு 1882இல் நேர்ந்தது பாரதியார் நூல்களுக்கு 1928இல் நேர்ந்தது. பர்மா அரசின் தடையைத் தொடர்ந்து சென்னை அரசும் அவற்றைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து வாதாடினார். 1949இல் அப்பாடல்களின் உரிமையைச் சென்னை அரசே வாங்கியது. பின்னர் அவை மக்கள் உடைமையாயின. தடை செய்த அரசின் வழித்தோன்றலே பாதுகாவலர் ஆயிற்று. ஆயின் வேறொரு துன்பமும் உண்டு. தம் நூல்களை ஒழுங்குபடுத்தி அச்சிடக் கவிஞருக்கு வாய்ப்புக் கிட்டாமையால், பாடவேறுபாடுகளையும் காலவரிசையையும் ஆராயும் சுமை முழுவதும் பின்வந்த பதிப்பாசிரியர் மேல் விழுந்தது. விட்மனுக்கு முப்பத்தேழு ஆண்டுகள் கிடைத்தன. பாரதியாருக்கு முப்பத்தொன்பது ஆண்டுக்குக் குறைந்த முழு வாழ்வே கிடைத்தது.

வட்டங்களின் கடமை

பாரதிக்குப் பின்னும் தமிழில் இவ்வழி அடைபடவில்லை. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தாம் பதிப்பித்த நூல்களைத் தாமே சுமந்து ஊர் ஊராகவும் கல்லூரி கல்லூரியாகவும் சென்று விற்றார். தம் முதுமையில் 1997இல் ‘சுதந்திர தாகம்’ நாவலை மூன்று பாகங்களாகத் தாமே வெளியிட்டார். அதற்குச் சாகித்திய அக்காதெமி விருது 2001இல் வழங்கப்பெற்றபோது அவர் உயிரோடு இல்லை. செம்மையாக்கத்தைப் பதிப்புப் பணியின் இன்றியமையாக் கூறாகத் தமிழில் நிலைநிறுத்த முயன்ற ‘க்ரியா’ 1974இல் தோன்றியது. அம்முயற்சி மதிக்கப்பட்ட அளவுக்குப் பின்பற்றப்படவில்லை என்பது வெளிவரும் தொகுதிகளைப் புரட்டுவோர் அறிவதே.

மேற்கூறியவற்றால் தெளிவாவன சில. தாமே அச்சிடுதல் இழிவன்று. பெருங்கவிஞர் நடந்த வழியே அது. செம்மையாக்கத்தை அஞ்சுதல் வேண்டா. மறுக்கும் உரிமை தம்மிடம் உள்ளவரை அது கவிதைக்கு நிகழும் அரங்கேற்றமே. தமக்காகத் தாமே பேச நேர்ந்தால் பெயரோடு பேசலாம். பெயர் மறைத்தல் ஆகாது. பிறர் அளித்த பாராட்டைக் கேளாமல் எடுத்தாளலும் ஆகாது.

ஆயினும் நால்வரைத் தேடும் சுமையைக் கவிஞர் ஒருவர் மீதே ஏற்றுதல் நீதியன்று. ஆசிரியரும், உடன் கற்றோரும், மாணாக்கரும், உரை கூற வல்லாரும் ஒருங்கே கூடும் இடம் எது எனில், இலக்கிய வட்டமே அது. திங்கள்தோறும் கூடிக் கவிதை படிக்கும் இடத்தில் கைதட்டல் மட்டும் கிடைக்குமாயின், கவிஞர் அச்சுக்கூடத்திற்குத் தனியராகவே செல்கிறார். அச்சேறு முன் ஒரு கையெழுத்துப் படியை இரண்டு மணி நேரம் எடுத்துவைத்துப் பேசவும், அதன்பின் கவிஞர் மறுப்பாராயின் மனம் கோணாது அவரோடு அமர்ந்து உண்ணவும், நூல் வெளிவந்தபின் அதற்காக நான்கு பேரிடம் பரிந்துரைக்கவும் வல்லவர்கள் எத்தனை பேர் என்பதைக் கொண்டே ஒரு வட்டத்தின் பத்தாண்டை அளக்க வேண்டும்.